ஊசியால் எழுதிய அரிச்சுவடி: பழைய சாம்ப்ளர் தைக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பாத்திரக் கடையில் புதுக் குடம் வாங்கினால் பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள். கல்யாணத்துக்கு இரவல் போன அண்டா எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதை அந்த நான்கு எழுத்துகள் சொல்லிவிடும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே காரியத்தைப் படுக்கை விரிப்பிலும் தலையணை உறையிலும் ஊசி நூலால் செய்தார்கள். அங்கே லினன் துணி ஒரு சொத்து. வசதியான வீடுகளில் பெரிய சலவை பல வாரங்களுக்கு ஒரு முறைதான் நடக்கும் என்பதால் விரிப்புகள் டஜன் கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் குடும்பத்தின் முதலெழுத்து, அதன் கீழே ஓர் எண். விரிப்புகளை எண்படி முறைவைத்து எடுத்தால்தான் எல்லாம் ஒரே சீராகத் தேயும், எண் அதற்காக.

அந்த எழுத்தையும் எண்ணையும் தைக்கச் சிறுமிகள் பழகிய துணிதான் எழுத்து வரிசை சாம்ப்ளர். இன்று அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகுப் பொருளாகத் தொங்குவதால், படம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளியில் தையல் வகுப்புக்காக ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜா எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துணியில் தைத்து நோட்டில் ஒட்டினோமே, அதன் மூதாதை. இந்த எண்ணத்தோடு தொடங்கினால், எதைப் பார்ப்பது, எதைத் தைப்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் பார்க்கப் பழகுங்கள்

ஊசியை எடுக்கும் முன் நான்கைந்து பழைய துணிகளின் படங்களையாவது நிதானமாகப் பாருங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம், நியூயார்க் கூப்பர் ஹியூவிட் ஆகியவற்றில் பெரிய தொகுப்புகள் இருக்கின்றன. இணையத்தில் படங்களைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். விக்டோரியா ஆல்பர்ட்டில் ஜேன் பாஸ்டாக் 1598-இல் தைத்த துணியைத் தேடுங்கள். ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அது. எழுத்து வரிசையோடு, ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23 செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்த செய்தியும் அதில் இருக்கிறது. ஜாதகக் குறிப்பைத் துணியில் எழுதியது போல.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பதினேழாம் நூற்றாண்டுத் துணிகள் பெரும்பாலும் நாடா போல ஒடுங்கி நீண்டிருக்கும். சுருட்டி வைத்துக்கொண்டு, வேண்டியபோது விரித்து மாதிரி பார்ப்பதற்கானவை. பதினெட்டாம் நூற்றாண்டில் துணி சதுரத்தை நெருங்குகிறது, சுற்றிலும் பூக்கரை வருகிறது, சுவரில் மாட்டும் எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். பல துணிகளில் 24தான் இருக்கும். ஜே என்பது ஐ எழுத்தின் இன்னொரு வடிவம், யூ என்பது வீ எழுத்தின் இன்னொரு வடிவம் என்று கருதிய காலத்து வழக்கம் அது. சிறுமி மறந்துவிட்டாள் என்று பரிதாபப்பட வேண்டாம். அதே சமயம் மறந்த சிறுமிகளும் உண்டு. வரிசையின் இடையில் ஓர் எழுத்து விட்டுப்போய், மேலே இடுக்கில் சிறியதாகத் தைத்துச் சேர்த்ததைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குழந்தையின் முகமே தெரிகிறது.

எழுத்துகளுக்குக் கீழே வரிசையாகச் சின்னக் கிரீடங்கள் இருந்தால் அவை அலங்காரம் மட்டும் இல்லை. பட்டம் பெற்ற குடும்பத்தின் விரிப்பில் முதலெழுத்துக்கு மேலே அந்தப் பட்டத்துக்குரிய கிரீடத்தைத் தைக்க வேண்டும். கோமகனுக்கு ஒன்று, பிரபுவுக்கு ஒன்று. பெரிய வீட்டில் வேலைக்குப் போகிறவளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்துத் துணிகளில் குடும்பத்தார் அனைவரின் முதலெழுத்துகளும் இணை இணையாக இருக்கும். இறந்தவர்களுக்குக் கறுப்பு நூல் போடுவது உண்டு. வயது எழுதும் முறையிலும் ஒரு சூட்சுமம்: ‘தன் ஒன்பதாம் ஆண்டில்’ என்று இருந்தால் சிறுமிக்கு எட்டு வயது முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிறங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய பச்சை என்பது நீலச் சாயத்தின் மேல் மஞ்சள் ஏற்றியது. வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள்தான் முதலில் போய்விடும். அதனால்தான் பழைய துணிகளில் மரங்கள் நீல இலைகளோடு நிற்கின்றன. கறுப்பும் அடர் பழுப்பும் நிறம் பிடிக்க இரும்புச் சத்து சேர்த்தார்கள். அந்த இரும்பு நாளடைவில் நூலையே அரித்துவிடும். எழுத்து இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக நிற்கும், பல் விழுந்த ஈறு மாதிரி.

இந்த எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது பின்புறம். சில அருங்காட்சியகங்கள் பின்புறப் படத்தையும் தருகின்றன, கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்சம் படாததால் பழைய நிறம் அங்கே அப்படியே இருக்கும். எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துக்கு நூல் தாவியது, எங்கே முடிந்தது, எங்கே பிரித்துத் தைத்தாள் என்பதெல்லாம் தெரியும். முன்புறம் அவள் காட்ட விரும்பியது. பின்புறம் அவள் செய்தது.

எதைத் தைப்பது?

ஆதாமும் ஏவாளும், சிவப்பு ஓட்டு வீடு, மான், பூக்கொடி எல்லாம் உள்ள துணியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஆசைப்படுகிறார்கள். அது வேண்டாம். 20 நிறங்களும் ஆயிரக்கணக்கான தையல்களும் உள்ள வேலை. மூன்றாவது வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும். ஒரே சிவப்பு நூலில் வெறும் எழுத்தும் எண்ணும் தையுங்கள். சலிப்பாகத் தோன்றும். ஆனால் இந்தக் கலையின் முதுகெலும்பு அதுதான்.

சந்தேகம் இருந்தால் பிரிஸ்டல் சாம்ப்ளர்களைப் பாருங்கள். ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டல் நகரில் 1836-இல் தொடங்கிய அநாதை இல்லம், பிற்பாடு ஆஷ்லி டவுன் குன்றில் ஐந்து பெரிய கட்டடங்களாக வளர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இடம் தந்தது. அங்கிருந்த பெண் பிள்ளைகள் வெள்ளைத் துணியில் பெரும்பாலும் சிவப்பு நூலால், பத்துப் பன்னிரண்டு வகை எழுத்து வரிசைகளை நெருக்கி நெருக்கித் தைத்திருக்கிறார்கள். எறும்பு ஊர்வது போன்ற நுணுக்கம். வீட்டு வேலைக்குப் போகும்போது கைத்திறனுக்குச் சான்றாகக் காட்டும் துணி அது. நாம் அதிலிருந்து ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம்.

துணி, ஊசி, நூல்

நாம் தைக்கப்போவது கிராஸ் ஸ்டிச், பெருக்கல் குறி போன்ற தையல். நம் ஊர் தையல் பொருள் கடைகளில் கிராஸ் ஸ்டிச் துணி என்று கேட்டால் ‘மேட்டி’ துணியைத் தருவார்கள். கட்டம் கட்டமாக நெய்திருப்பதால் எண்ணுவது எளிது. கை பழக அதில் ஒரு நாள் தைத்துப் பார்க்கலாம். ஆனால் பழைய சாம்ப்ளரின் தோற்றம் அதில் வராது. அதற்கு, பாவும் ஊடையும் ஒரே பருமனில் உள்ள சாதா நெசவு லினன் வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 28 இழை இருக்கும் துணி தொடங்குவதற்கு நல்லது. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், ஓர் அங்குலத்துக்குக் குண்டூசி குத்தி, பாவு வாட்டில் ஒரு முறை, ஊடை வாட்டில் ஒரு முறை இழைகளை எண்ணுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் எழுத்து நெட்டையாகவோ குட்டையாகவோ வரும். பழைய துணிகளில் பல அப்படித்தான் வந்திருக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஊசி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், 24 அல்லது 26-ஆம் எண். கூர்மையான ஊசி இழையைப் பிளந்துவிடும். இங்கே ஊசி இழைகளுக்கு நடுவே உள்ள துளையில்தான் போக வேண்டும்.

நூல், ஆறு இழை சேர்ந்த பருத்தி எம்பிராய்டரி நூல். அதில் இரண்டு இழையால் தைப்போம். ஏன் சிவப்பு என்று கேட்கலாம். வெள்ளைத் துணியைக் கொதிக்கவைத்துத் துவைத்த காலத்தில், அதைத் தாங்கிய நிறங்களில் சிறந்தது டர்க்கி ரெட் என்ற சாயம். மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து கிடைத்தது. அதில் நிறம் தரும் பொருளான அலிசரின்தான் சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருப்பது. 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். நமக்குத் தேவை சாயம் போகாத ஒரு சிவப்பு. நூலை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். கைக்குட்டையில் கறை விழுந்தால் அந்த நூல் வேண்டாம். என் முதல் துணியில் இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று வார வேலையை நனைத்தேன். வெள்ளை லினன் ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. விருந்தினர்களிடம் அதுவே திட்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு

ஒரு கிராஸ், இரண்டு இழை அகலம், இரண்டு இழை உயரம். ஆகவே 28 இழைத் துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கிராஸ். எழுத்தின் உயரம் 7 கிராஸ், அதாவது அரை அங்குலம். அகலம் 5, இடைவெளி 2. ஆக ஓர் எழுத்துக்கு அரை அங்குலம் பிடிக்கும். பழைய முறைப்படி 24 எழுத்து என்றால் 12 அங்குலம். இரண்டு வரியாகப் பிரித்தால் வரிக்கு 6 அங்குலம். எம், டபிள்யூ அகலம் கூடுதலாக எடுக்கும். ஐ மிச்சம் பிடித்துக் கொடுத்துவிடும். இரண்டு வரி எழுத்து, ஒரு வரி எண், ஒரு வரி உங்கள் பெயரெழுத்தும் ஆண்டும். வரிகளுக்கு நடுவே 4 கிராஸ் விட்டால் மொத்த உயரம் 40 கிராஸ், கிட்டத்தட்ட 3 அங்குலம். நான்கு பக்கமும் 3 அங்குலம் வெறும் துணி விடுங்கள். ஆக 12-க்கு 9 அங்குலத் துணி. ஓரத்தை முதலிலேயே மடித்தோ சுற்றித் தைத்தோ பிசிர் அடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் லினன் கையிலேயே கரையும்.

கட்டக் காகிதத்தில் எழுத்துகளைப் புள்ளி வைத்து வரைந்துகொள்ளுங்கள். ‘எச்’ எழுத்தில் தொடங்குங்கள்: இரண்டு தூண்கள், ஒவ்வொன்றும் 7 கிராஸ், நான்காவது படியில் தூண்களை இணைக்கும் மூன்று கிராஸ். மொத்தம் 17. அடுத்து எல், டி, ஈ. சாய்கோடு வரும் ஏ, எம், என் பின்னால். வளைவுக்காரன் எஸ் கடைசியில். இவற்றை மிச்சத் துணியில் பழகிவிட்டு, பிறகு நல்ல துணியில் முதல் எழுத்துக்குப் போங்கள்.

தையல்

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமான நூல் துணிக்குள் போய்ப் போய் வந்து நைந்துவிடும். முடிச்சும் போடக் கூடாது. அதற்கு ஒரு வழி: ஒற்றை இழையை இரண்டு முழம், சுமார் 36 அங்குலம் வெட்டி, இரண்டாக மடியுங்கள். இரு முனைகளையும் ஊசிக் காதில் கோர்த்தால் மறுபக்கம் கண்ணி நிற்கும். பின்பக்கமிருந்து ஊசியை மேலே எடுத்து, மூலைக்கு மூலை சாய்வாகக் கீழே இறக்கி, பின்னால் தொங்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுங்கள். நூல் தானாகப் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்புறத்தில் நான்கைந்து தையல்களுக்கு அடியில் நூலை நுழைத்து வெட்டிவிட்டால் போதும்.

முதல் சாய்வு இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு. இரண்டாவது சாய்வு அதன் மேலே எதிர்த்திசையில். எந்தத் திசை என்பதில் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் துணி முழுவதும் மேலே இருக்கும் சாய்வு ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சம் அதில் வேறு மாதிரி விழும், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துகளுக்கு ஒவ்வொரு கிராஸையும் அப்போதைக்கப்போது முடித்துவிடுவதே நல்லது. நீண்ட கரைக்கு வேண்டுமானால் ஒரு சாய்வாகப் போய், மறு சாய்வாகத் திரும்பலாம்.

நூலை இறுக்காதீர்கள். துளை தெரிந்தால் இறுக்கம் அதிகம். வளையச் சட்டம் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், துணியில் வட்டத் தழும்பு விழும். நான் சட்டம் இல்லாமல் கையில் பிடித்தே தைக்கிறேன், பழக்கம்.

ஓர் எழுத்து முடிந்ததும் அடுத்த எழுத்துக்கு நூலைத் தாண்டவைக்கும் ஆசை வரும். வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் பின்னாலிருந்து நிழலாகத் தெரியும். எழுத்துக்கு எழுத்து நூலை முடித்துவிடுங்கள். விரிப்பில் குறி தைத்தவர்களுக்கு இதில் கண்டிப்பு அதிகம். விரிப்புக்கு இரண்டு பக்கமும் கண்ணில் படும் அல்லவா? அதற்காகவே இருபுறமும் கிராஸாகவே தெரியும் ஒரு தையலைக் கற்றார்கள். சில சாய்வுகளில் இரண்டு முறை பயணம் செய்து, நூலின் வழியை முன்கூட்டியே யோசித்துத் தைக்க வேண்டியது அது. முதல் துணிக்கு வேண்டாம். சாதா கிராஸ் கை வந்ததும் ஒரே எழுத்தை அப்படித் தைத்துப் பாருங்கள், இரவு தூக்கம் போய்விடும்.

தப்பு நேர்ந்தால்? எண்ணிக்கையில் ஓர் இழை பிசகினால் அடுத்தடுத்து எல்லாம் பிசகும். அதை உடனே பிரிக்க வேண்டும். நூலை அப்படியே உருவி இழுக்காமல், சின்னக் கத்தரியால் வெட்டிப் பின்னாலிருந்து எடுங்கள். ஆனால் வரி முடிவதற்குள் இடம் தீர்ந்துபோனதா, பிரிக்காதீர்கள். எழுத்தைச் சுருக்குங்கள், அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். இடம் மிஞ்சினால் மீண்டும் ஏ, பி, சி என்று தொடங்குங்கள், அல்லது ஒரு சிறு மரத்தை நட்டுவிடுங்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்தது இதைத்தான்.

அடுத்த துணிக்கு

இரண்டாவது துணியில் கண்துளைத் தையல் முயலலாம். ஒரு சிறு சதுரத்தின் ஓரங்களிலிருந்து எட்டுத் தையல்கள், எல்லாம் நடுவே ஒரே துளைக்குள் இறங்கும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் இழுத்தால் நடுவில் நட்சத்திரம் போல ஒரு துளை விழும். இந்தச் சதுரங்களை அடுக்கி எழுத்தாக்கிய வரிசைகள் பழைய துணிகளில் நிறைய உண்டு.

தமிழ் எழுத்தில் தைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாக. ஆனால் 247 எழுத்துக்கும் ஆசைப்படாதீர்கள். கட்டத்தில் ப, ட, ம, ய எல்லாம் சாதுவாக உட்காரும். அ, ஞ, ண மூன்றும் 7 கிராஸ் உயரத்தில் அடங்காது. 11 ஆவது வேண்டும். ஃ மட்டும் மூன்றே கிராஸில் முடிந்துவிடும். உங்கள் பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

தைப்பதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு எலிசபெத் பார்க்கரின் துணியைப் பாருங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த வேலைக்காரப் பெண். 1830 வாக்கில், எனக்கு எழுதத் தெரியாது என்று தொடங்கி, வேலை பார்த்த வீட்டில் பட்ட கொடுமையையும் உயிரை விட நினைத்ததையும் ஒரே சிவப்பு நூலில், குறி போடும் எழுத்திலேயே, பத்தி பத்தியாகத் தைத்திருக்கிறாள். என் ஆன்மா என்ன ஆகும் என்று கேட்டு, வரியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. விக்டோரியா ஆல்பர்ட்டில் இருக்கிறது. விரிப்பில் எண் போடக் கற்றுக்கொடுத்த எழுத்து அது.

துவைப்பது, மாட்டுவது

வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பு கொஞ்சம் விட்டு அலசுங்கள். பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தடித்த துண்டின் மேல் தையல் கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டு, பின்புறத்தில் இஸ்திரி போடுங்கள். தையல் அமுங்காமல் நிமிர்ந்து நிற்கும்.

இதெல்லாம் புதுத் துணிக்கு மட்டும். பாட்டன் காலத்துப் பெட்டியிலிருந்தோ பழம்பொருள் கடையிலிருந்தோ உண்மையான பழைய சாம்ப்ளர் கைக்கு வந்தால் தண்ணீரே காட்டாதீர்கள். எந்தச் சாயம் ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெயில் படும் சுவர் ஆகாது. அருங்காட்சியகங்களே இத்தகைய துணிக்கு 50 லக்ஸ் என்ற மங்கிய வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை. பசை, செல்லோ டேப், சாதா அட்டை மூன்றும் எதிரிகள். அமிலமற்ற அட்டையில் பருத்தித் துணி போர்த்தி, அதன்மேல் சாம்ப்ளரின் ஓரத்தை மெல்லிய நூலால் தைத்துப் பொருத்த வேண்டும். வாங்கும்போது ஆண்டு எழுதிய இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் பிரிக்கப்பட்டு வெறும் துளை மட்டும் இருந்தால் அது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வளர்ந்த பிறகு வயது வெளியே தெரியக் கூடாது என்று தைத்தவளே பிரித்திருக்கலாம்.

புதியதோ பழையதோ, சட்டத்துக்குள் போகும் முன் துணியைக் கவிழ்த்து, பகல் வெளிச்சத்தில் பின்புறத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். அட்டையில் பொருத்திய பிறகு அந்தப் பக்கத்தை யாரும் பார்க்க முடியாது.